இரண்டு மணிக்கு மேல் கூப்பிடவும்

அத்தியாயம் 14

போன வாரம் பத்திரிகை கைக்கு வராதவர்களுக்காக நாலு வரி.

ட்ரெவர் லம்ப் முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தாறு. எங்கள் ஹெல்ம்ராய்ட் ஊர் சைக்கிள் கிளப்பின் செயலாளர். மனைவி மொரீனின் நச்சரிப்பு தாங்காமல் புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனைக்குப் போனார். அவர் வயதுக்கு நாலரைக்குள் இருக்க வேண்டிய எண் ஏழைத் தொட்டிருந்தது. அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது: ரத்தம் கொடுத்தது திங்கட்கிழமை, முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை மனிதர் நாற்பது மைல் சைக்கிள் மிதித்திருக்கிறார்.

சோதனைக்கு முந்தின இரண்டு நாள் கடுமையான சைக்கிள் பயிற்சி கூடாது, அது எண்ணை ஏற்றிவிடும் என்று கிளினிக் கொடுத்த தாளிலேயே அச்சடித்திருக்கிறது. ட்ரெவர் அதைப் படித்தார். கண்ணாடி போட்டுக்கொண்டே படித்தார். ஆனால், "கடுமையான பயிற்சியா? டீ குடிக்கத்தானே போனோம்!" என்பது அவர் கட்சி. டீக்கடை இருபது மைல் தள்ளி, மலைக்கு அந்தப் பக்கம் இருந்ததை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. இந்த ஊர் ஆண்களின் கணக்கில் டீ இருக்கிற இடத்துக்குப் போய் வருவது பயிற்சியில் சேராது.

ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள், அதற்கு முந்தின இரண்டு நாள் சைக்கிளைத் தொடாதீர்கள் என்றார் டாக்டர். மொரீனின் சட்டம் அதைவிடக் கறார். ஆறு வாரமும் சைக்கிள் பக்கத்து வீட்டுக் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. சாவி மொரீனின் கைப்பையில் இருந்தது.

சைக்கிள்தான் காரணம் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ட்ரெவரின் அண்ணன் ரோனல்ட் நாலு வருடத்துக்கு முன் இதே சுரப்பியில் வந்த புற்றுநோயில்தான் போனார். டாக்டரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று ஒன்றரை வருடம் தள்ளிப்போட்டு, கடைசியில் போனபோது காலம் கடந்திருந்தது. அதனால்தான் இந்த ஆறு வாரத்தில் லம்ப் வீட்டில் ஒருவரும் ரோனல்டின் பெயரை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை இரண்டாவது தடவை ரத்தம் கொடுத்தாயிற்று. இன்றைக்கு வியாழக்கிழமை, முடிவு வருகிற நாள்.

* * *

ட்ரெவர், மொரீன் தம்பதியின் ஒரே மகள் ஹேலி, அதே கிளினிக்கின் வரவேற்பு மேசையில் பதினொரு வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். வயது முப்பத்தேழு. மணமுறிவுக்குப் பிறகு பெற்றோர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித் தனியாக இருக்கிறாள். மத்தியானச் சாப்பாடு மட்டும் அம்மா கையால்.

எங்கள் ஊரில் காலை எட்டு மணிக்கு யாருக்காவது போன் செய்து பாருங்கள், கிடைக்காது. ஊரே கிளினிக்கைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரு நிமிடம் முன்னால் கூப்பிட்டால் இன்னும் திறக்கவில்லை என்று இயந்திரம் சொல்லும். ஒரு நிமிடம் பின்னால் கூப்பிட்டால் வரிசையில் நீங்கள் இருபத்தேழாவது ஆள் என்று சொல்லும். நான் இந்த ஊருக்கு வந்து இருபத்தைந்து வருடமாகிறது. ஒரே ஒரு தடவைதான் எனக்கு மூன்றாவது இடம் கிடைத்திருக்கிறது, அதுவும் கிறிஸ்துமஸுக்கு மறுவாரம்.

அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. ஹேலியும் பக்கத்து நாற்காலி நஸ்ரீனும் இரண்டு மணி நேரம் மூச்சு விடாமல் போனில் இருந்தார்கள். பத்தேகாலுக்குக் கூட்டம் கொஞ்சம் தணிந்தபோது கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் ஒரு தொப்பி தெரிந்தது. தொப்பிக்குக் கீழே கிழவர் பிக்கர்ஸ்கில்.

"என் கொழுப்பு என்னாச்சு, கண்ணு?"

எல்லாரையும் கண்ணு என்று கூப்பிடுகிற ஊர் இது. ஹேலி கம்ப்யூட்டரில் அவர் பெயரைக்கூடத் தட்டவில்லை.

"ரத்த முடிவெல்லாம் ரெண்டு மணிக்கு மேல கூப்பிட்டுக் கேக்கணும், மிஸ்டர் பிக்கர்ஸ்கில்."

"நான்தான் நேராவே வந்து நிக்கிறேனே. எதுக்குக் கூப்பிடணும்?"

"டாக்டர் பாத்து எழுதினாத்தான் நாங்க சொல்ல முடியும். மத்தியானம்தான் எழுதுவாங்க."

"சரி, அப்ப நான் வீட்டுக்குப் போயி உனக்குக் கூப்பிடறேன். நீ இதே இடத்துல உக்காந்துக்கிட்டு எடுப்பே."

"ஆமா."

"இதுக்குத்தான் நாங்கல்லாம் வரி கட்டறோம்," என்று சொல்லிவிட்டு அவர் சந்தோஷமாகவே போனார். குறை சொல்லக் கிடைத்தால் அவருக்கு ஒரு நாள் நன்றாகப் போகும்.

ஹேலி கடிகாரத்தைப் பார்த்தாள். அன்று காலையில் அது எட்டாவது தடவை.

* * *

பன்னிரண்டே காலுக்கு டாக்டர் ஹால்ஸ்டெட்டின் குறிப்புகள் திரையில் வந்தன. ஆளுக்கு ஒரு வரி. மேசையில் இருப்பவர்கள் மத்தியானத்துக்கு மேல் அந்த வரியைத்தான் போனில் படித்துக் காட்டுவார்கள். "எல்லாம் சரி, ஒன்றும் செய்ய வேண்டாம்." "இரும்புச் சத்து குறைவு, மாத்திரை எழுதியிருக்கிறேன்." "பிக்கர்ஸ்கில், கொழுப்பு பரவாயில்லை, ஆனால் பன்றி இறைச்சி சாப்பிடுவதைக் குறைக்கச் சொல்லவும்."

அதற்கு அடுத்த வரி இது.

"லம்ப், ட்ரெவர். நானே கூப்பிடுகிறேன்."

ஹேலி அந்த வரியை மறுபடி படித்தாள்.

பதினொரு வருட அனுபவம் அவளுக்கு. நல்ல சேதியை டாக்டர்கள் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்கு ஏது நேரம்? தானே கூப்பிடுகிறேன் என்று ஒரு டாக்டர் எழுதினால், உட்கார்ந்து கேட்க வேண்டிய சேதி என்று அர்த்தம். அந்த வரிக்குப் பிறகு கிளினிக்குக்கு வருகிற முகங்களை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள்.

அப்பாவின் பெயர் நீல எழுத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு தட்டு தட்டினால் போதும், எண் தெரிந்துவிடும். ஆனால் குடும்பத்தாரின் ஏட்டைத் திறக்கக் கூடாது என்பது அங்கே எழுதி வைத்த சட்டம். யார், எப்போது, யாருடைய ஏட்டைத் திறந்தார்கள் என்று இயந்திரமே குறித்து வைத்துக்கொள்ளும். மாதா மாதம் யாரோ ஒருவர் அதைச் சரிபார்ப்பார். திறந்தால் வேலை போகும்.

அம்புக்குறி பெயருக்குப் பக்கத்திலேயே நின்றது. அதை அங்கே கொண்டுபோனது தன் கைதான் என்று ஹேலிக்கு ஒரு கணம் கழித்தே உறைத்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

நஸ்ரீன் எதிரே இருந்த சுவரைப் பார்த்தபடி, "பன்னெண்டரை ஆயிடுச்சு, நீ சாப்பிடப் போ," என்றாள். அவளும் அந்த வரியைப் பார்த்துவிட்டாள் என்று புரிந்தது.

* * *

வீட்டு வாசலில் ஏணி சாய்ந்திருந்தது. ஏணி உச்சியில் ட்ரெவர் நின்று கூரையோரத்து மழைநீர்த் தகரத்திலிருந்து இலையை வாரிக்கொண்டிருந்தார்.

"இறங்குப்பா. செவ்வாக்கிழமைதானே அதைச் சுத்தம் பண்ணினே?"

"செவ்வாக்கிழமை எடுத்தது வேற இலை. இது வேற இலை."

சைக்கிள் இல்லாத ஆறு வாரத்தில் அவர் வேலிக்கு இரண்டு கை சாயம் அடித்திருந்தார், திருகாணிகளை நீளப்படி அடுக்கியிருந்தார், பக்கத்து வீட்டில் கெட்டுப்போகாத கதவைப் பழுதுபார்த்துக் கெடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் ஆட்கள் அந்தத் தெரு வழியாகப் போகும்போது ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார்.

உள்ளே மொரீன் தக்காளி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாலாடைக்கட்டியும் ஊறுகாய் வெங்காயமும் வைத்த ரொட்டி தயாராக இருந்தது.

"வந்துட்டியா, உக்காரு, சூப் ஆறுது, வந்துடுச்சா?" எல்லாம் ஒரே மூச்சில்.

"எது?"

"எதுவா? உங்கப்பாவுக்கு லாட்டரி விழுந்துச்சான்னா கேக்கறேன்?"

"ரெண்டு மணிக்கு மேல அப்பா கூப்பிடணும்மா. அவரேதான் கூப்பிடணும்."

"நீ அங்கதானே உக்காந்திருக்கே. கம்ப்யூட்டர் உன் மூக்குக்கு நேரா இருக்கு. ஒரு தட்டு தட்டினா என்ன?"

"தட்டினது யாருன்னு அதுலயே பதிவாயிடும். பக்கத்து ஊர்ல ஒரு பொண்ணு..."

"சித்தி மகளோடதைப் பாத்தா, மறுநாளே வேலை போச்சு. நூறு தடவை சொல்லிட்டே. நீ பாக்கப் போறது என்ன ஊரான் வீட்டு ரத்தமா? உன்னைப் பெத்தவனோடது."

"அதனாலதாம்மா பாக்கக் கூடாது."

"நல்லா இருக்கே சட்டம்! ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரே பிக்கர்ஸ்கில், அவரு கொழுப்பைப் பாக்கலாமாம், பெத்த அப்பனோடதைப் பாக்கக் கூடாதாம்."

ட்ரெவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"விடு மொரீன். அவ வேலை அது. நான் பஸ் ஓட்டினப்ப நீ என்னைக்காவது டிக்கெட் வாங்காம ஏறியிருக்கியா?"

"நீ விட்டாத்தானே! எட்டு மாச வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து நின்னேன், அன்னைக்கும் காசை நீட்டுன்னே."

"ஒரு டிக்கெட்டுக்குத்தானே காசு வாங்கினேன். ரெண்டு பேருக்கு வாங்கலையே."

"அந்த வயித்துக்குள்ள இருந்தவதான் இப்ப உனக்குச் சரியா வந்து வாய்ச்சிருக்கா. அப்பனும் மகளும் சட்டத்தையே கட்டிக்கிட்டு அழுங்க."

ஹேலி சிரித்தாள். சிரிக்கும்போதே கரண்டி கிண்ணத்தின் விளிம்பில் மோதி இரண்டு தடவை சத்தமிட்டது. மொரீன் கவனிக்கவில்லை, ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். ட்ரெவர் கவனித்தார்.

கிளம்பும்போது அவரும் வேலிக் கதவு வரை கூட வந்தார்.

"ஹேலி. நீ எதையும் திறந்து பாக்கலைன்னு எனக்குத் தெரியும்."

"பாக்கலப்பா."

"ஆனா என்னமோ தெரிஞ்சிருக்கு உனக்கு."

அவள் கதவின் கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்லவும் முடியவில்லை, உண்மையும் கையில் இல்லை. பாதி உண்மை தெரிந்தவர்களின் பாடு ஒன்றும் தெரியாதவர்களின் பாட்டைவிட மோசம்.

"சொல்ல வேணாம்," என்றார் ட்ரெவர். "ஒண்ணே ஒண்ணு. எது வந்தாலும் உங்கம்மாகிட்ட நானே சொல்லிக்கிறேன். ரோனல்ட் அவன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாமயே இருந்துட்டான். ஆஸ்பத்திரி ஆளு சொல்லித்தான் அவளுக்குத் தெரிஞ்சுது. அது மாதிரி நடக்கக் கூடாது. சரியா?"

ஆறு வாரத்தில் முதல் தடவையாக அந்தப் பெயர் வெளியே வந்தது. ஹேலி தலையை ஆட்டினாள்.

* * *

இரண்டு மணிக்கு ட்ரெவர் கூப்பிட்டார். ஒன்பதாவது இடம் கிடைத்தது. பத்தொன்பது நிமிடம் காத்திருந்து, வரிசையில் முதல் ஆளாக வந்து சேர்ந்தபோது அழைப்பு ஹேலியின் போனில் போய் விழுந்தது.

"வணக்கம், ஹெல்ம்ராய்ட் கிளினிக். பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"நான்தான்."

"பேரும் பிறந்த தேதியும் சொல்லுங்க."

"என் பிறந்த தேதி உனக்குத் தெரியாதா? ரெண்டு வாரம் முன்னாடிதானே கேக்குல மெழுகுவத்தி குத்தினே?"

"கேக்காம அடுத்த ஆளுக்கு மாத்திவிடக் கூடாதுப்பா."

ட்ரெவர் பெயரையும் தேதியையும் சொன்னார், பஸ் நிறுத்தத்தின் பெயர் சொல்கிற மாதிரி, நிறுத்தி, தெளிவாக. ஹேலி அழைப்பை நஸ்ரீனுக்கு மாற்றினாள். நஸ்ரீன் இரண்டடி தூரத்தில்தான் இருந்தாள்.

"மிஸ்டர் லம்ப், டாக்டர் ஹால்ஸ்டெட் இன்னைக்கே உங்களைக் கூப்பிடுவாங்க. போனைப் பக்கத்துலயே வெச்சுக்கோங்க... நேரம் சொல்ல முடியாதுங்க, நாலு மணிக்குள்ள... இல்லைங்க, எனக்கு அதுக்கு மேல தெரியாது."

நஸ்ரீன் போனை வைத்தாள். ஹேலியின் பக்கம் திரும்பவில்லை. தன் இழுப்பறையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, இரண்டு நாற்காலிக்கும் நடுவில் வைத்தாள். ஹேலி ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தாள்.

மூன்று இருபத்திரண்டுக்கு மேசைப் போனில் மூன்றாம் எண் விளக்கு எரிந்தது. மூன்றாம் அறை டாக்டர் ஹால்ஸ்டெட்டுடையது. வெளியே யாரையோ கூப்பிட்டுப் பேசுகிறார் என்று அர்த்தம்.

நல்ல சேதி சொல்ல இரண்டு நிமிடம் போதும். ஹேலி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடம். ஐந்து. எட்டு. மேசைக்கு வந்த ஒருவருக்கு அவள் நேரம் குறித்துக் கொடுத்தாள். அவர் போன பிறகு நஸ்ரீன் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "எழுபது வயசு ஆம்பளையைக் கருப்பை வாய்ப் பரிசோதனைக்குப் போட்டிருக்கே," என்று மெதுவாகச் சொல்லி மாற்றி எழுதினாள்.

பத்து நிமிடம். பன்னிரண்டு. உட்கார்ந்து கேட்க வேண்டிய சேதி என்றால் இவ்வளவு நேரம்தான் ஆகும். அடுத்த பரிசோதனை என்ன, எந்த ஆஸ்பத்திரி, யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அப்பா பென்சிலைத் தேடிக்கொண்டிருப்பார்.

பதினாலாவது நிமிடம் விளக்கு அணைந்தது.

ஹேலியின் கைப்பேசி பின்னறை அலமாரியில் இருந்தது. வேலை நேரத்தில் மேசைக்குக் கொண்டுவரக் கூடாது. எழுந்து ஓட நினைத்தாள். ஆனால் மேசைப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தொண்டை வலிக்காரர் ஒருவர். மருந்துச் சீட்டு தொலைத்தவர் ஒருவர். மூன்றாவதாக எடுத்தாள்.

"வணக்கம், ஹெல்ம்ராய்ட் கிளினிக்..."

"நான்தான். வரிசையில ஆறாவது. பிறந்த தேதி வேணுமா?"

"அப்பா!"

"ரெண்டு புள்ளி எட்டு."

ஹேலி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா ஹேலி? ரெண்டு. புள்ளி. எட்டு. எல்லாம் அந்தச் சைக்கிள் பண்ண வேலை. வேற ஒண்ணும் இல்லையாம்."

அவள் முகத்தைக் கையால் பொத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவில் கண்ணீர் வழிந்தது. அதைப் பார்த்த நஸ்ரீன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து அவள் தோளைப் பிடித்தாள், பயந்துவிட்டாள் பாவம். ஹேலி தலையை ஆட்டி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

"அதுக்கா பதினாலு நிமிஷம் பேசினீங்க?"

"நீ எண்ணிக்கிட்டா இருந்தே?"

"எதுக்குப்பா அவங்களே கூப்பிட்டாங்க? எல்லாம் சரின்னா நஸ்ரீனையே சொல்ல விட்டிருக்கலாமே. எனக்கு உயிரே போச்சு."

"கிளப் செயலாளர்ங்கிற முறையில கூப்பிட்டாங்க," என்றார் ட்ரெவர். அந்தக் குரலில் இருந்த மிதப்பை எழுதிக் காட்ட என்னால் முடியாது. "சைக்கிள் ஓட்டற ஆம்பளைங்க கொஞ்சப் பேருக்கு இந்த வருஷம் எண் ஏறி ஏறி வருதாம். எல்லாரும் திங்கக்கிழமை ரத்தம் குடுத்தவங்க. பேர் சொல்ல மாட்டேன்னுட்டாங்க. அவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? ஞாயித்துக்கிழமை எனக்குப் பின்னாடி மூச்சு வாங்கிக்கிட்டு வர்றவன் யாருன்னு எனக்குத் தெரியாதா?"

"அதுக்கு நீ என்ன பண்ணணுமாம்?"

"அந்தத் தாளை மாத்தி எழுதப் போறாங்களாம். எப்படி எழுதினா உங்க ஆளுங்க காதுல ஏறும்னு கேட்டாங்க. கடுமையான பயிற்சின்னு போட்டா ஒருத்தனும் தன்னைச் சொல்றதா நினைக்க மாட்டான் டாக்டர், டீ குடிக்கப் போறதும் இதுல சேரும்னு போடுங்கன்னேன். அப்படியே எழுதிக்கிட்டாங்க. அப்புறம் எந்தக் கடைன்னு கேட்டாங்க. அங்க வால்நட் கேக் நல்லா இருக்கும்னு சொன்னேன். அதுல கொஞ்ச நேரம் போயிடுச்சு."

ஹேலி சிரித்தாளா அழுதாளா என்று நஸ்ரீனுக்கே தெரியவில்லை. போனில் வரிசை நீண்டுகொண்டிருந்தது. இருபது பேர் காத்திருக்கிறார்கள் என்று திரை சிவப்பில் காட்டியது. இருக்கட்டும் என்று இருந்தது ஹேலிக்கு. பதினொரு வருடத்தில் முதல் தடவை.

"அம்மா என்ன சொன்னா?"

"முதல்ல அழுதா. அப்புறம் நாற்பது மைல் மிதிச்சதுக்கு இன்னொரு ரவுண்டு திட்டினா. அப்புறம் என்னைக் கட்டிப்பிடிச்சா, விடவே இல்ல. இப்ப கோட்டை மாட்டிக்கிட்டு எங்கயோ போறா. கடைக்குத்தான் இருக்கும். சரி, வைக்கிறேன், எனக்குப் பின்னாடி ஆளுங்க காத்திருப்பாங்க."

* * *

ஐந்தே காலுக்கு மொரீன் கிளினிக்குக்குள் வந்தாள். வெளியே தூறல். காத்திருக்கும் நாற்காலிகளில் ஒரே ஒரு இளம் தாயும் அவள் மடியில் தூங்கும் குழந்தையும்தான். மேசை முன்னால் யாருமே இல்லை. ஆனாலும் மொரீன் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள், கூப்பிடட்டும் என்று.

"வாம்மா! என்ன அங்க நின்னுட்டே?" ஹேலி பாதி எழுந்தாள். அந்தச் சந்தோஷம் இன்னும் அவள் முகத்தில் அப்படியே இருந்தது. "அப்பா சொன்னாரு. நீ போட்ட சத்தத்தையும் சொன்னாரு."

மொரீன் மேசைக்கு அருகில் வந்தாள். அவள் முகமும் நன்றாகத்தான் இருந்தது. அழுது முடித்த கண், வாரிவிட்ட தலை.

"சாவியைக் குடுத்துட்டேன். கொட்டகைக்கு ஓடியிருக்காரு. ராத்திரிக்கு மீன் வறுவல் வாங்கிக்கலாம்னு சொல்லியிருக்கேன். நீயும் வந்துடு."

"வரேன். இதைச் சொல்லவா மழையில வந்தே?"

"இல்ல." மொரீன் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு டாக்டரைப் பாக்கணும். நேரம் குறிச்சுக்கணும்."

"நான் போடறேன். எதுக்குன்னு..."

எதற்காக என்று கேட்பது அந்த மேசையின் வழக்கம். ஒரு நாளைக்கு அறுபது தடவை கேட்கிற கேள்வி. ஹேலி அதைப் பாதியில் நிறுத்தினாள், அம்மாவின் முகத்தைப் பார்த்து.

"உன்கிட்ட வேணாம் ஹேலி. நஸ்ரீனைக் கூப்பிடு."

"என்னம்மா?"

"மத்தியானம் வாய் கிழியப் பேசினது நான்தான். வழியில யோசிச்சுப் பாத்தேன். உன் சட்டம் நல்ல சட்டம்தான். பெத்த பொண்ணுகிட்டச் சொல்ல முடியாததுன்னு சிலது இருக்கு, முதல் தடவை வாயைத் திறக்கறப்ப. நஸ்ரீன்னா சொல்லிடுவேன்."

"எத்தனை நாளா?"

"ஆறு வாரம். உங்கப்பாவுக்கு அந்த எண் வந்துச்சே, அந்த வாரம்தான் குளிக்கறப்பக் கவனிச்சேன்." மொரீன் கைப்பையின் வாரைச் சரிசெய்தாள். "ஒரு நேரத்துல வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்னு இருந்தேன். முதல்ல அவரோடது முடியட்டும்னு."

ஹேலி மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்பாவுக்காகப் பயந்த பயம் போய் ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த ஆறு வாரமும் அம்மா தினமும் சூப் ஊற்றினாள், சண்டை போட்டாள், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. பெற்ற மகள் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டும் பார்க்கவில்லை. அது ஹேலிக்குச் சுட்டது.

நாற்காலியை விட்டு எழுந்து போய், பின்னறையிலிருந்த நஸ்ரீனை அனுப்பிவிட்டு, அங்கேயே கதவோரம் நின்றாள்.

நஸ்ரீன் போனை ஒதுக்கி வைத்துவிட்டு முன்னால் குனிந்தாள். இரண்டு பெண்களின் தலையும் கண்ணாடிக்கு இருபுறமும் நெருங்கின. என்ன பேசினார்கள் என்று ஹேலிக்குக் கேட்கவில்லை. நஸ்ரீன் தட்டச்சு செய்வது மட்டும் தெரிந்தது. தட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு வரியில் முடிகிற விஷயமாக அது இல்லை.

முடிந்ததும் ஹேலி அம்மாவுடன் வாசல் வரை நடந்தாள். மொரீன் ஒரு சின்னத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ஒன்பதே கால். லேடி டாக்டர்தான். இன்னைக்கு அப்பாகிட்டச் சொல்லாத. நாளைக்கு நானே சொல்லிக்கிறேன். ஆறு வாரத்துக்கு அப்புறம் இன்னைக்கு ஒரு ராத்திரி அந்த மனுஷன் நிம்மதியாத் தூங்கட்டும்."

"சரிம்மா."

என்ன, எங்கே என்று மேசைக்காரியாக அவள் கேட்கக் கூடாது. ஆனால் மகளாக ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"வலிக்குதாம்மா?"

"இல்ல," என்றாள் மொரீன் குடையை விரித்தபடி. "வலிச்சிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேனே."